நாலு மணிக் கப்பலுக்குக் காரிலா, விமானத்திலா?

மியாமியில் மாலை 4 மணிக்குப் புறப்படும் சொகுசுக் கப்பல், ஏறப்போகிறவரைப் பொறுத்தவரை 4 மணிக் கப்பல் அல்ல. கப்பலில் இருப்பவர்களின் இறுதிப் பட்டியல், கப்பல் நகர்வதற்கு 60 நிமிடத்துக்கு முன்பாவது அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறையின் கைக்குப் போயாக வேண்டும் என்பது விதி. அதற்குத் தோதாகக் கப்பல் கம்பெனிகள் ஒன்றரை மணி நேரம் முன்பே வாசலை அடைத்துவிடுகின்றன; சில கம்பெனிகள் இரண்டு மணி நேரம் முன்பே. ஆக அது இரண்டரை மணிக் கப்பல், சிலருக்கு இரண்டு மணிக் கப்பல். அதற்குப் பிறகு ஓடிவந்து நிற்பவரின் கண்ணெதிரே கப்பல் கரையோடு ஒட்டித்தான் நிற்கும். ஆனால் ஏற முடியாது.

பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் உண்டு. இங்கே அடுத்தது அடுத்த வாரம். அதுவும் புதிதாகப் பணம் கட்டினால்தான். கட்டிய பணம் திரும்பி வராது. கம்பெனியே ஏற்பாடு செய்த பஸ்ஸில் ஐம்பது பேர் வந்துகொண்டிருந்தால் கப்பல் கொஞ்சம் பொறுப்பதுண்டு. ஒரு குடும்பத்துக்காகப் பொறுப்பதில்லை. துறைமுக வழிகாட்டி மாலுமிக்குக் குறித்த நேரம், மறுநாள் அடுத்த துறைமுகத்தில் ஒதுக்கியிருக்கும் இடம் எல்லாம் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. துறைமுகத்துக்குக் காரில் போவதா, விமானத்தில் போவதா என்ற கேள்வியைப் பெரும்பாலானோர் செலவுக் கணக்காகவே பார்க்கிறார்கள். செலவும் கணக்குத்தான். ஆனால் முதல் கணக்கு இந்த இரண்டரை மணி.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கே அதிகம் இடமில்லை. கரீபியன் கடலுக்குப் போகும் கப்பல்களில் பெரும்பாலானவை தெற்கு ஃபுளோரிடாவில் இருந்துதான் கிளம்பின; நாட்டின் மற்ற மூலைகளில் இருப்பவர்கள் விமானம் ஏறி அங்கே போனார்கள். 2000-ல் கார்னிவல் கம்பெனி டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஒரு கப்பலை நிறுத்தியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. விமானம் ஏறவே மக்கள் அஞ்சிய அந்த மாதங்களில், பயணி கப்பலிடம் வராவிட்டால் கப்பல் பயணியிடம் போகட்டும் என்று கம்பெனிகள் தங்கள் கப்பல்களைக் கடற்கரை நெடுகப் பிரித்து நிறுத்தின. இன்று பால்டிமோர், நார்ஃபோக், ஜாக்சன்வில், டாம்பா, மொபைல், நியூ ஆர்லியன்ஸ், கால்வெஸ்டன் என்று காரிலேயே போய்ச் சேரக்கூடிய துறைமுகங்களின் வரிசை நீளம். மேற்கே லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில்; வடக்கே நியூயார்க், பாஸ்டன்.

வசதி கூடியபோது ஒரு சூட்சுமமும் சேர்ந்துகொண்டது. நியூஜெர்சியின் எடிசன் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு பேயோன் நகரில் உள்ள கேப் லிபர்ட்டி துறைமுகம் அரை மணி, முக்கால் மணி நேரக் கார்ப் பயணம்தான். காரா விமானமா என்ற பேச்சே எழாது. ஆனால் ஜனவரியில் அங்கிருந்து பஹாமாஸுக்குப் போகும் கப்பல் முதல் இரண்டு நாளும் குளிர்ந்த அட்லாண்டிக்கில்தான் போகும். மேல்தளத்து நீச்சல் குளத்தின் பக்கம் ஆளே இருக்காது. திரும்பும்போதும் அப்படியே. குடும்பம் ஓட்டியிருக்க வேண்டிய ஆயிரம் மைலை, விடுமுறை நாளைச் செலவழித்துக் கப்பல் ஓட்டுகிறது. மியாமியில் ஏறியவருக்கோ முதல் நாள் மாலையே வெயில். பக்கத்துத் துறைமுகம் என்பதற்காக ஒரு கப்பலைத் தேர்ந்தெடுப்பவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டாம்பாவில் இன்னொரு விதமான தடை. வளைகுடாவின் வாயிலில் 1987-ல் கட்டிய சன்ஷைன் ஸ்கைவே பாலம் நிற்கிறது. அதன் அடியில் சுமார் 180 அடி உயரம்தான் இடைவெளி. இன்றைய ராட்சசக் கப்பல்கள் அதற்குள் நுழையாது. ஆகவே காரில் டாம்பா போகிறவர்களுக்கு நடுத்தர அளவுக் கப்பல்களே கிடைக்கும். பிள்ளைகள் கேட்கும் பத்து நீர்ச்சறுக்குகள் அதில் இல்லை என்றால் அதற்குக் காரணம் ஒரு பாலம்.

விமானத்தில் போகிறவர் பார்க்க வேண்டியது, விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே உள்ள தூரம். டிக்கெட் விலையைப் பார்ப்பவர்கள் இதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையமும் எவர்கிளேட்ஸ் துறைமுகமும் அக்கம்பக்கம். கிழக்கிலிருந்து இறங்கும் விமானத்தின் ஜன்னலிலேயே கப்பல்கள் தெரியும். டாக்சி பிடித்தால் பத்து, பதினைந்து நிமிடம். மியாமி விமான நிலையத்தில் இருந்து துறைமுகம் 8 மைல் போல. அது ஒரு தீவு. 2014-ல் சுரங்கப்பாதை திறந்த பிறகு நகரத்துத் தெருக்களில் மாட்டிக்கொள்ளாமல் போய்விடலாம். நியூ ஆர்லியன்ஸிலும் டாம்பாவிலும் விமான நிலையம் கிட்டத்தில்தான்.

கனாவரல் துறைமுகம் அப்படி அல்ல. உலகிலேயே அதிகப் பயணிகள் ஏறும் துறைமுகங்களில் ஒன்றான அதற்குப் பெரும்பாலோர் வந்து இறங்குவது ஆர்லாண்டோ விமான நிலையத்தில். நடுவே 45 மைல். வேன், ஷட்டில் பஸ், வாடகைக் கார், எது எடுத்தாலும் ஒரு மணி நேரமும் தலைக்கு ஒரு கட்டணமும் ஆகும். கால்வெஸ்டனும் அப்படித்தான். ஹூஸ்டனின் ஹாபி விமான நிலையத்தில் இருந்து 40 மைல். மலிவாக இருக்கிறதே என்று வடக்கே உள்ள பெரிய விமான நிலையத்துக்கு டிக்கெட் எடுத்தவருக்கு 70 மைல், அதுவும் ஹூஸ்டன் நகரத்தின் நடுவே புகுந்து. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த 40 டாலர் டாக்சியில் போய்விடும்.

இனி பணம். அட்லாண்டாவில் இருக்கும் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம், கனாவரலில் இருந்து 7 இரவுக் கப்பல் பயணம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறும். கணக்குப் போடும் முறைதான் முக்கியம். ஐ-75 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, ஃபுளோரிடா டர்ன்பைக் வழியாக ஆர்லாண்டோவைத் தாண்டிக் கடற்கரைக்குப் போக சுமார் 490 மைல். போக வர 980. காலனுக்கு 28 மைல் ஓடும் காருக்கு 35 காலன் பெட்ரோல், காலன் 3.25 டாலர் என்றால் 114 டாலர். டோல் கட்டணம் 25. துறைமுகப் பார்க்கிங் நாளொன்றுக்கு 20 டாலர். இங்கேதான் பலருக்குக் கணக்கு இடறும்: 7 இரவு என்பது பார்க்கிங்கில் 8 நாள், ஏறும் நாளும் இறங்கும் நாளும் சேர்த்து. ஆக 160. முதல் நாள் இரவு ஹோட்டலுக்கு 150, வழிச் சாப்பாட்டுக்கு 60. எல்லாம் சேர்த்து 500 டாலரை ஒட்டி வரும்.

அதே குடும்பம் விமானத்தில் போனால்? தலைக்கு 220 டாலர் என்றால் டிக்கெட் மட்டும் 880. இரண்டு பெட்டிக்குப் போக வர 150. ஆர்லாண்டோவில் இருந்து துறைமுகத்துக்குப் போக வர 200. அட்லாண்டா விமான நிலையத்தில் காரை விட்டுவைக்க 120. ஹோட்டல் அதே 150. மொத்தம் 1,500. கார் ஆயிரம் டாலர் மலிவு.

இந்த ஆயிரம் டாலரை அப்படியே நம்பிவிடக் கூடாது. கார் பெட்ரோலால் மட்டும் ஓடுவதில்லை. டயர் தேய்கிறது, எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கிறது, மைல் கூடக் கூட விற்கும் விலை குறைகிறது. அலுவலக வேலைக்குச் சொந்தக் காரை ஓட்டுபவர்களுக்கு அமெரிக்க வரித்துறை 2025-ல் அனுமதித்த செலவு மைலுக்கு 70 சென்ட். அந்தக் கணக்கில் 980 மைலுக்கு 686 டாலர். காரில் போகும் மொத்தச் செலவு 1,080-க்கு ஏறிவிடும். நான்கு பேருக்கு அப்போதும் கார்தான் மலிவு. இரண்டு பேருக்கு அப்படி இல்லை. தம்பதியர் மட்டும் போனால் விமானச் செலவு 900 டாலருக்குள் முடிந்துவிடலாம். ஒரு கைப்பெட்டியோடு தனியாகப் போகிறவருக்கு மாநகர ரயிலில் விமான நிலையம், அங்கிருந்து ஷட்டில் என்று 450-க்குள்ளேயே முடியும். வரித்துறைக் கணக்கில் காப்பீடு போன்ற, கார் வீட்டில் சும்மா நின்றாலும் ஆகும் செலவுகளும் அடக்கம் என்பதால் உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காரில் தலை கூடினால் செலவு கூடாது. விமானத்தில் தலைக்குத் தலை கூடும். மூன்றாவது தலையில்தான் தராசு சாய்கிறது.

தூரம் கூடினால் தராசு மறுபக்கம் போகும். சிகாகோவில் இருந்து ஆர்லாண்டோ 1,150 மைல். ஒரே மூச்சில் ஓட்டினால் பதினேழு, பதினெட்டு மணி நேரம்; யாரும் அப்படி ஓட்டக் கூடாது. வழியில் ஓர் இரவு தங்க வேண்டும், திரும்பும்போது இன்னோர் இரவு. ஹோட்டலை விடப் பெரிய செலவு, அதற்காக எடுக்கும் நான்கு நாள் விடுப்பு. ஐந்து மணி நேரத்துக்குள் ஓட்டிப் போய்விடலாம் என்றால் காரைத் தவிர வேறு யோசனை தேவையில்லை. பத்து மணி நேரத்தைத் தாண்டினால் விமானம். நடுவில் இருக்கும் அட்லாண்டா, சார்லட் போன்ற ஊர்க்காரர்களுக்குத்தான் உண்மையில் இந்தக் கேள்வி. அவர்கள் தலைகளை எண்ணித் தீர்மானிக்கலாம்.

வாஷிங்டன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. வர்ஜீனியாவின் லார்ட்டன் ஊரில் இருந்து ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு வரை 855 மைல் ஓடும் ஆம்ட்ராக் ஆட்டோ ட்ரெய்ன். காரை ரயிலுக்குள் ஏற்றிவிட்டு, பயணிகள் வேறு பெட்டியில் உட்கார்ந்துகொள்வார்கள். மாலை கிளம்பி மறுநாள் காலை இறங்கினால் கனாவரல் துறைமுகத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான ஓட்டம். ஆனால் ரயில் இறங்கும் அன்றே கப்பல் ஏறத் திட்டமிடுவது வீண் துணிச்சல். அமெரிக்காவின் நீண்டதூர ரயில்கள் நேரம் தவறாமைக்குப் பேர்போனவை அல்ல.

காரில் போவதற்குப் பணம் அல்லாத காரணங்களும் உண்டு. பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு இல்லை. கைக்குழந்தையின் இருக்கை காரிலேயே இருக்கிறது. விமானத்தில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது. காரில் அந்தத் தொல்லை இல்லை. புளியோதரையும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு ஜார்ஜியா எல்லையில் மரத்தடியில் நிறுத்திச் சாப்பிடலாம். ஒன்று, அதைத் துறைமுகத்துக்கு முன்பே காலி செய்துவிட வேண்டும். வீட்டில் சமைத்த உணவைக் கப்பலுக்குள் கொண்டுவர கம்பெனிகள் விடுவதில்லை.

ஊரில் இருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலியுள்ள எழுபது வயதுக்காரருக்கு எட்டு மணி நேரம் காரின் பின் இருக்கையில் மடங்கி உட்காருவது தண்டனை. விமான நிலையத்திலோ சக்கர நாற்காலி கேட்டால் வாசலில் இருந்து விமானக் கதவு வரை தள்ளிக்கொண்டு போய் விடுவார்கள். ஒன்றரை மணி நேரப் பறப்பு. இந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்நூறு டாலர் கூடுதலாகக் கொடுக்கலாம்.

விமானத்தின் குறை, அது கெட்டால் ஒருவருக்கு மட்டும் கெடாது என்பது. கார் வழியில் பழுதானால் டாக்சி எடுக்கலாம், வேறு கார் வாடகைக்கு எடுக்கலாம். சாலை அடைத்தால் வேறு சாலை உண்டு. விமானச் சேவை நிலைகுலைந்தால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அடுத்த விமானத்தின் காலி இருக்கைகளுக்கு அடித்துக்கொள்வார்கள். 2022 டிசம்பர் கடைசியில் குளிர்காலப் புயலில் தொடங்கி, பணியாளர்களை விமானங்களுக்கு ஒதுக்கும் கணினி முறை தடுமாறியதால் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் ஏறத்தாழ 16,900 விமானங்களை ரத்து செய்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட டெல்டா அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது. அன்று வெள்ளிக்கிழமை. வார இறுதிக் கப்பல்களுக்குக் கிளம்பியவர்கள் விமான நிலையத்தில் நின்ற நாள் அது.

அமெரிக்க விதிப்படி விமானம் ரத்தாகி, பயணி மாற்று விமானம் வேண்டாம் என்றால் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். அதோடு சரி. 220 டாலர் திரும்பி வரும். தவறிய 4,000 டாலர் கப்பல் பயணத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பல்ல. அதற்குத்தான் பயணக் காப்பீடு. கப்பல் கம்பெனி மூலமாகவே விமான டிக்கெட்டையும் எடுத்தால், விமானம் தாமதமாகும்போது பயணியை அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைப் பெரும்பாலும் அவர்களே ஏற்பார்கள். ஆனால் அதற்காகக் கப்பல் காத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இயற்கை முனைந்தால் காருக்கும் வழி கிடையாது. 2023 ஏப்ரல் 12 அன்று ஃபோர்ட் லாடர்டேலில் ஒரே நாளில் சுமார் 26 அங்குல மழை கொட்டியது. விமான நிலையத்தின் ஓடுபாதை நீரில் மூழ்கி, 14-ஆம் தேதி காலைதான் திறந்தது. அதே நேரம் நகரத்துத் தெருக்களில் கார்கள் மிதந்தன. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அப்போது கப்பலே நேரமும் துறைமுகமும் மாற்றும். கால்வெஸ்டனில் குளிர்கால மூடுபனி இறங்கினால் கப்பல் வந்துபோகும் கால்வாயையே மூடிவிடுவார்கள். அன்று சீக்கிரம் போனாலும் தாமதமாகப் போனாலும் ஒன்றுதான்.

தவறவிட்ட கப்பலை அடுத்த துறைமுகத்தில் பிடித்துவிடலாம் என்பது பலரின் மனக்கணக்கு. அங்கே இரண்டு சுவர்கள் நிற்கின்றன. ஒன்று, பாஸ்போர்ட். அமெரிக்காவில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில் அமெரிக்கக் குடிமக்கள் பாஸ்போர்ட் இல்லாமல், பிறப்புச் சான்றிதழும் புகைப்பட அடையாள அட்டையும் காட்டி ஏறலாம். காரில் துறைமுகம் போகிறவர்கள் இந்தச் சலுகையை நம்பிப் பாஸ்போர்ட் எடுக்காமலே இருப்பதுண்டு. கப்பலைத் தவறவிட்டு பஹாமாஸின் நசாவுக்கோ மெக்சிகோவின் கொசுமெலுக்கோ விமானம் ஏற வேண்டும் என்றால் அந்தச் சான்றிதழ் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இன்னும் ஒரு படி: கப்பலில் போய் இறங்குபவருக்குள்ள சலுகை, விமானத்தில் போய் இறங்குபவருக்கு இருக்கவேண்டும் என்பதில்லை. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்குக் கப்பலில் இருந்து திரும்பி வர, பலமுறை நுழையும் அமெரிக்க விசாவும் கையில் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது சுவர் 1886-ல் எழுப்பியது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது என்கிறது பயணிக் கப்பல் சட்டம். நடுவே தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டால் மட்டும் விலக்கு. பஹாமாஸும் மெக்சிகோவும் அந்தச் சட்டத்தின் பார்வையில் தொலைதூரம் அல்ல. பெரிய சொகுசுக் கப்பல்கள் அனேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா என்று வெளிநாட்டுக் கொடியில்தான் ஓடுகின்றன. இதன் விளைவு விசித்திரமானது. மியாமியில் கப்பலைத் தவறவிட்ட ஒருவர், அது மறுநாள் கீ வெஸ்ட் தீவில் நிற்கும் என்று தெரிந்து 160 மைல் காரோட்டி அங்கே போய்விட முடியும். கப்பல் அங்கே நிற்கும். அவர் கையில் டிக்கெட் இருக்கும். ஆனால் கீ வெஸ்ட்டில் ஏறி மியாமியில் இறங்கினால் சட்டமீறல், கப்பலுக்கு அபராதம். ஏற விடமாட்டார்கள். அடுத்த நிறுத்தம் வெளிநாடாக இருந்தால்தான் துரத்திப் பிடிக்க முடியும்.

இதனால்தான் காரோ விமானமோ, முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் வற்புறுத்துகிறார்கள். காலை 6 மணி விமானம் 8 மணிக்கு இறங்கும், கப்பல் 4 மணிக்குத்தானே என்பவர்கள், அந்த 6 மணி விமானம் ரத்தானால் அடுத்ததில் இடம் கிடைக்குமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நன்றி நவிலல் வாரத்திலும் மார்ச் மாதப் பள்ளி விடுமுறையிலும் இடம் கிடைக்கவே கிடைக்காது. 150 டாலர் ஹோட்டல் செலவு, மொத்தப் பயணத்துக்குக் கட்டும் மலிவான காப்பீடு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள பல ஹோட்டல்கள் ஓர் இரவு தங்கினால் வாரம் முழுக்கக் காரை அங்கேயே விட்டுவைக்கவும், மறுநாள் கப்பலில் கொண்டுபோய் விடவும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்குகின்றன. துறைமுகப் பார்க்கிங் கட்டணத்தைக் கழித்துப் பார்த்தால் அறை ஏறக்குறைய இலவசமாகவே வந்துவிடுவதும் உண்டு.

ஏறும் நாளில் துறைமுகம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பது காரில் போகிறவருக்கு நல்லது. முந்தைய வாரத்துப் பயணிகள் காலையில் இறங்குவார்கள். அவர்கள் கார்கள் வெளியேற வெளியேறத்தான் புதிய கார்களுக்கு இடம். காரை முதலில் டெர்மினல் வாசலில் நிறுத்தி, பெரிய பெட்டிகளைச் சுமைதூக்குபவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டிலேயே அச்சடித்துக் கொண்டுவந்த அறை எண் சீட்டு ஒவ்வொரு பெட்டியிலும் கட்டியிருக்க வேண்டும். பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் கையில் கொடுப்பது வழக்கம். குடும்பத்தை அங்கே இறக்கிவிட்டு ஓட்டுநர் மட்டும் பார்க்கிங் கட்டடத்துக்குப் போவது நடைமுறை. பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். மாத்திரை டப்பாவும் பாஸ்போர்ட்டும் பெட்டிக்குள் போய்விட்டால் அவ்வளவுதான். எந்த மாடியில் கார் நிற்கிறது என்று தூணில் உள்ள எண்ணைப் படம் பிடித்துக்கொள்ள ஒரு நிமிடம் கூட ஆகாது. எட்டாம் நாள் காலை அதே கட்டடத்தில் சாவியை அமுக்கி அமுக்கிக் கார் எங்கே கத்துகிறது என்று தேடி அலைபவர்களைப் பார்த்தால் அந்த ஒரு படத்தின் அருமை தெரியும்.

காரை விட்டுப் போனவருக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் சரக்குக் கப்பல் மோதி பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இடிந்து விழுந்தது. துறைமுகத்தின் வாசலே அடைபட்டது. பால்டிமோரில் கிளம்பிக் கடலில் இருந்த கார்னிவல் லெஜண்ட் கப்பல் திரும்பும்போது வர்ஜீனியாவின் நார்ஃபோக்குக்குத் திருப்பி விடப்பட்டது. கார் இருந்ததோ பால்டிமோர் பார்க்கிங்கில். கம்பெனி தன் செலவில் பஸ் வைத்துப் பயணிகளை அங்கே கொண்டுபோய் விட்டது. விமானத்தில் வந்தவருக்கு டிக்கெட் மாற்றும் வேலை, காரில் வந்தவருக்குப் பல மணி நேரப் பஸ் பயணம். இது அபூர்வம்தான், ஆனால் சூறாவளிக் காலத்தில் கப்பல் வேறு துறைமுகத்தில் போய் இறக்குவது நடக்கக்கூடியதே.

திரும்பி வரும் நாளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. காரில் போனவருக்கு உண்மையான சோதனை அன்றுதான். முந்தைய இரவு பெட்டி கட்டி, வெளியே வைத்து, தாமதமாகப் படுத்து, ஐந்து மணிக்கே கப்பல் கரைதொடும் அதிர்வில் விழிப்பு வந்துவிடும். ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் இறங்கி, சுங்கம் கடந்து, காரைத் தேடி எடுத்து, தூக்கம் போதாத கண்ணோடு எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். மைலுக்கு மைல் கணக்கிட்டால் கார்ப் பயணம் விமானத்தை விடப் பல மடங்கு ஆபத்தானது என்பதை நினைத்தால், ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் இருக்கும் குடும்பம்தான் அன்றே வீடு திரும்பலாம். ஒருவர்தான் ஓட்டுபவர் என்றால் நடுவழியில் ஓர் இரவு தங்குவதே முறை.

விமானத்தில் திரும்புகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று. கப்பல் காலை ஆறு மணிக்கே கரைக்கு வந்துவிடும் என்று அட்டவணையில் போட்டிருந்தாலும், மியாமியிலும் ஃபோர்ட் லாடர்டேலிலும் நண்பகல் 12 மணிக்கு முன்னால் கிளம்பும் விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். கனாவரலிலும் கால்வெஸ்டனிலும் ஒரு மணிக்கு முன்னால் வேண்டாம்.